மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆய்வு

எச்.ஐ.வி.க்குத் தரப்படும் கூட்டு மருந்துகள் வைரஸை அடக்கிவைக்கின்றன, ஒழிப்பதில்லை. சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றின் மரபணுத் தொகுதியில் தன் மரபணுவைச் சேர்த்துவிட்டு, வைரஸ் அரவமின்றிக் கிடக்கிறது. பெருகாமல் கிடக்கும் வைரஸின் மேல் மருந்துக்கு வேலையில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் அது புலப்படுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது மறுபடி ரத்தத்தில் தலைகாட்டும். ஆகவே, நோயைக் குணப்படுத்தத் தரப்படும் புதிய சிகிச்சை பலித்ததா என்று உறுதியாக அறிய இருக்கும் வழி, தினசரி மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான்.

அறச்சிக்கல் இங்கே தொடங்குகிறது. இப்படி மருந்தை நிறுத்திப் பார்க்கும் ஆய்வில் சேர்பவர் சாவின் விளிம்பில் நிற்கும் நோயாளி அல்லர். மாத்திரையின் துணையால் வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, நீண்ட ஆயுளை எதிர்பார்ப்பவர். 5,472 பேர் பங்கேற்ற ‘ஸ்மார்ட்’ ஆய்வு, மருந்தை விட்டு விட்டு எடுத்தவர்களிடையே நோயும் மரணமும் அதிகம் என்று 2006இல் காட்டியது. இன்றைய ஆய்வுகளில் அடிக்கடி ரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. வைரஸ் திரும்பினால் மருந்தை மீண்டும் தொடங்குவதற்கான வரம்புகள் முன்பே வகுக்கப்படுகின்றன. ஆபத்து குறைந்திருக்கிறது; நீங்கிவிடவில்லை. கிடைக்கும் பயனோ பெரும்பாலும் பங்கேற்பவருக்கு அல்ல, பின்னால் வரப்போகும் நோயாளிகளுக்கு.

பாங்காக்கில் 2009 முதல் நடந்துவரும் ஓர் ஆய்வு, தொற்றிய சில நாட்களிலோ வாரங்களிலோ நோய் கண்டறியப்பட்டு, உடனே மருந்து தொடங்கியவர்களைப் பின்தொடர்கிறது. அவர்களில், தொற்றின் முதல் கட்டத்திலேயே சிகிச்சை பெற்ற 8 பேர் மருந்தை நிறுத்திப் பார்க்க முன்வந்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி எட்டுப் பேருக்கும் வைரஸ் திரும்பியது. திரும்புவதற்கான இடைநிலைக் காலம் 26 நாள். உயிரியல் கேள்விக்கு விடை கிடைத்தது. ஒழுங்காக மாத்திரை எடுத்துவந்தவர்கள் ஏன் அதை நிறுத்தச் சம்மதித்தார்கள் என்ற கேள்விக்கு ரத்தப் பரிசோதனையில் விடை இல்லை.

அதைத் தேடும் பொறுப்பைச் சமூக அறிவியல் ஏற்றது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கெயில் ஹெண்டர்சன் உள்ளிட்டோர், மருத்துவ ஆய்வோடு சேர்ந்து நடக்கும்படி ஒரு முடிவெடுப்பு ஆய்வை அமைத்தார்கள். சேர்ந்தவர்களிடம் மட்டுமல்ல, மறுத்தவர்களிடமும் பேசினார்கள். இந்த இரண்டாவது பகுதிக்கு அறவியலில் தனி எடை உண்டு. மறுக்க முடிந்த இடத்தில்தான் ஒப்புதலுக்குப் பொருள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தன்னைக் கவனித்துவரும் மருத்துவமனை கேட்கும்போது நன்றியுணர்வே அழுத்தமாக மாறக்கூடும். ஒப்புதல் படிவத்தில் இருக்கும் கையெழுத்து இதைச் சொல்லாது.

‘குணம்’ என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் எச்.ஐ.வி.யிலிருந்து விடுபட்ட திமோத்தி ரே பிரவுன், உண்மையில் ரத்தப் புற்றுநோய்க்காகவே அந்தக் கடுமையான சிகிச்சையைப் பெற்றார். குணமானதாக 2013இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் குழந்தை ஒன்றுக்கு 2014இல் வைரஸ் திரும்பியது. ஆய்வாளர் ‘குணம் தேடும் ஆய்வு’ என்கிறார். கேட்பவர் காதில் அது ‘குணமாக்கும் ஆய்வு’ என்று விழலாம். இந்த இடைவெளியை அளந்து காட்டாவிட்டால், உண்மையை மட்டுமே சொன்ன ஆய்வும் ஏமாற்றியதாகவே முடியும்.

தீங்கும் பங்கேற்பவரின் உடலோடு நிற்பதில்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவர் உடலுறவு மூலம் தொற்றைப் பரப்புவதில்லை. மருந்து நின்றால் இந்தப் பாதுகாப்பும் போகிறது. பிரான்சில் ஒரு தடுப்பூசிச் சோதனையில் மருந்தை நிறுத்தியிருந்தவரிடமிருந்து அவர் துணைக்குத் தொற்று பரவியது 2019இல் பதிவானது. எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாத ஒருவர் ஆபத்தைச் சுமந்திருக்கிறார். துணையிடம் எதைச் சொல்ல முடியும், ஆணுறையைத் தயங்காமல் கேட்க முடியுமா என்பவை வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள். ஆய்வுத் திட்டம் தீட்டும்போதே அவற்றுக்கு விடை தேட வேண்டும்.

மருத்துவ ஆய்வோடு சமூக அறிவியலும் சேரும் இந்தக் கூட்டு முயற்சிக்கு மறுப்புகளும் உண்டு. ஏற்கெனவே ஊசியும் பரிசோதனையுமாக அலைபவர்மேல் நேர்காணல் இன்னொரு சுமை. நேர்காணலில் மனம்விட்டுச் சொன்னது மருத்துவர் காதுக்குப் போனால் நம்பிக்கை உடையும். போகாவிட்டால் ஓர் ஆபத்து மறைந்தே இருக்கலாம். எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு, ஆள் சேர்க்கும் உத்தியாகச் சமூக அறிவியல் சுருங்கிப்போகலாம் என்பது. மறுப்பவரின் தயக்கத்தைப் புரிந்துகொள்ளும் கலை, அந்தத் தயக்கத்தைக் கரைக்கும் கலையாகவும் பயன்படும்.

ஆனால் இவை கூட்டு முயற்சியைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல. அதற்கு விதிகள் வகுக்கச் சொல்பவை. நேர்காணல் செய்பவர் சிகிச்சைக் குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும். சொன்னவற்றில் எது, எந்த நிலையில் மருத்துவரைச் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே பங்கேற்பவரிடம் தெரிவிக்க வேண்டும். பேட்டியில் தெரியவரும் தவறான புரிதலும் அழுத்தமும் ஆய்வு நடக்கும்போதே நெறிமுறைக் குழுவை எட்டி, திட்டத்தை மாற்றவோ நிறுத்தவோ செய்யும் வலிமை பெற்றிருக்க வேண்டும். பங்கேற்பவர்கள் குழம்பியிருந்தார்கள் என்பதை ஆய்வு முடிந்தபின் வெளியாகும் கட்டுரையில் மட்டும் பதிவுசெய்வதால் அவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை.