வகுக்காமல் அறிதல்
தமிழறிஞர் மறைமலையடிகள் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்த சைவ சித்தாந்தம், அறியும் வழிகளைக் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என மூன்றில் அடக்குகிறது. கண்ணுக்கு எட்டாததைக் கருதலால் உறுதியாக அறிய முடியுமா? முடியும் என்பதற்கு ஒன்பதாம் வகுப்புக் காரணித் தேற்றமே நல்ல சான்று. ய³−6ய²+11ய−6 என்ற பல்லுறுப்புக்கோவைக்கு ய−1 காரணியா? ய நிற்கும் இடத்தில் 1 இட்டால் 1−6+11−6, அதாவது பூச்சியம். வகுக்கவே இல்லை, ஆனாலும் காரணிதான். ய−1 ஆல் வகுத்தால் மீதி வெறும் எண்ணாகவே இருக்கும்; ய=1 ஆகும்போது ஈவையும் வகுத்தியையும் பெருக்கிய பகுதி அழிந்து, அந்த மீதி மட்டும் எஞ்சும்.

வகுத்துப் பார்ப்பதே காட்சி, 1 இட்டுப் பார்ப்பது குறுக்குவழி என்று மறுப்பவர் உண்டு. வகுத்தலின் ஒவ்வொரு படியும் விதியிலிருந்து பெறும் கருதல்தானே! இதைவிட வலுவான மறுப்பு, கருதல் ஏமாற்றும் என்பது. உண்மைதான். (ய−1)² என்பதும் 1 இட்டால் பூச்சியமாகிறது. மேற்சொன்ன கோவையும் அப்படியே; எனவே (ய−1)² அதன் காரணி என்று கருதத் தோன்றும். ஆனால் அந்தக் கோவையின் ஒருபடிக் காரணிகள் ய−1, ய−2, ய−3 மட்டுமே. (ய−1)² அதை வகுக்காது. புகையைக் கண்டு நெருப்பை அறிபவர், நெருப்பின்றிப் புகை எழாது என்பதை முதலில் நிறுவியிருக்க வேண்டும். இங்கே அந்தப் பிரியாத் தொடர்பை ஆராயாமல் முடிவுக்குத் தாவியதே பிழை. உலகு என்ற காரியத்தைக் கொண்டு இறைவனை நிறுவும் சித்தாந்த வாதத்தையும் இப்படித்தான் எடைபோட வேண்டும் என்பேன். இறைவனைக் காணவில்லை என்பதற்காக அந்த வாதத்தைத் தள்ள முடியாது. காரியம் என்றாலே கருத்தா உண்டா என்பதைத்தான் கேட்க வேண்டும்.