பாட்டிக்கு என்ன வெகுமதி?



பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ல் ஏற்படுத்திய பாட்டி தாத்தாமார் தினம் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறன்று வருகிறது. அன்று பட்டுச்சேலை கொடுக்கிறீர்கள்; அது பெட்டிக்குள் போய்விடுகிறது. கொடுத்தவருக்குப் புகழ்ச்சி, பாட்டிக்கு என்ன பயன்?

முதிய கண்ணுக்கு வாலிபக் கண்ணைவிட அதிக வெளிச்சம் வேண்டும். ஆகையால் அவர் ஜெபப்புத்தகம் வாசிக்குமிடத்தில் நல்ல விளக்கொன்று வையுங்கள். குளிக்கும் அறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். யாரையும் கூப்பிடாமல் தாமே எழுந்து நிற்பது அவருக்கு எத்தனை பெரிய காரியம்!

ஆனால் கேளாமல் கொடுத்த கைத்தடி, "நீ கிழவியாகிவிட்டாய்" என்று குத்திக்காட்டும். நன்மை செய்கிறோமென்று அவர் மனதை நோகச் செய்யலாமா? முதலில் அருகே உட்கார்ந்து, "பாட்டி, எதைச் செய்ய உங்களுக்குச் சிரமமாயிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்டபிறகு கடைக்குப் போங்கள்.