புதுப்பித்த மாளிகையும் மறந்த மாந்தரும்

பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது நாம் மீட்பது சுவர்களை மட்டுமா, அன்றி அச்சுவர்கள் கண்ட வாழ்க்கையையுமா? காலிக் கோட்டையின் லெயின் பான் வீதிக்குச் செல்வோர் உள்ளத்தில் இவ்வினா எழுதல் இயல்பு. அங்கே ஒல்லாந்தர் கால வீடொன்று செப்பனிடப்பட்டு, அரும்பொருட்காட்சியகமாகவும் இரத்தினக்கல் நகைக்கடையாகவும் விளங்குகின்றது. முற்றமும் கிணறும் பேணப்பட்டுள்ளன. இத்தகைய வீடுகள் பலவற்றை இடிந்துபோகாது காத்தது வணிகமே என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

இதற்கு மறுதலையாக, மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரையில் ஒரு மாளிகை சிதைந்து நிற்கின்றது. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும்பொருட்டு 1801க்கும் 1804க்கும் இடையில் அதனைக் கட்டுவித்தார். கிரேக்கப் பாணித் தூண்களால் அது 'டொரிக்' எனப்பட்டது. ஊரவரோ அதனை அல்லிராணி கோட்டை என்பர். கடலரிப்பு அதனைச் சிறிது சிறிதாக விழுங்கி வருகின்றது.

இம்மாளிகையையும் புதுப்பித்து முத்துநகைக் கடையாக்கினால் என்ன என ஒருவர் வினவலாம். முத்தின் பொருட்டு எழுந்த வீட்டில் முத்தை விற்பதிற் பிழையில்லை. ஆயின், அங்கே எவருடைய நினைவு போற்றப்படும் என்பதே கேள்வி. கனத்த கல்லிற் காலூன்றிக் கயிற்றின் துணையோடு கடலடிக்கு இறங்கி, அடக்கிய ஒரே மூச்சிற் சிப்பி திரட்டியோர் கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வந்த தமிழரும், அராபியரும் ஆவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்க்குரியது. எஞ்சிய இரு பங்கும் அரசுக்குச் சென்றன. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பிற் கடமையாற்றிய லெனாட் வூல்ஃபின் பெயரை நாம் அறிவோம். அவர் முன்னிலையிற் கடலில் இறங்கியோருள் எவர் பெயரை அறிவோம்? அல்லிராணி என்னும் பெயரும் அம்மாளிகையை அந்நியரிடமிருந்து மீட்டு ஓர் அரசிக்கே அளித்தது, முத்துக்குளித்தோர்க்கு அளிக்கவில்லை.

பழைய வீட்டின் அழகைத் தம் வாணிகத்துக்குத் துணையாக்குவோர் அவ்வீட்டின் வரலாற்றுக்கும் கடன்பட்டவராவர். அக்கடன் பெரிதன்று. அவ்வீட்டை எழுப்பிய செல்வம் எவர் உழைப்பால் வந்தது என்பதை, வருவோர் கண்ணிற் படும்படி எழுதிவைத்தல் போதும். அதனைச் செய்யாத சீரமைப்பு ஆண்டோரின் வாழ்வை மட்டுமே மீண்டும் காட்டும். ஆளப்பட்டோரை இரண்டாம் முறையும் மறைக்கும்.

இப்பொறுப்பு கடைக்காரர்க்கு மட்டும் உரியதன்று. அரிப்பு மாளிகை முற்றாக வீழ்வதற்கு முன்னரேனும், ஆவணங்களிலும் கரையோரக் குடும்பங்களின் வழிவழிக் கதைகளிலும் எஞ்சியுள்ள அவ்வுழைப்பின் வரலாற்றைத் திரட்டுதல் பல்கலைக்கழகத்தார் கடமையாகும். தூண்களைக் கடல் கொண்டுபோகலாம். அவர்தம் வரலாற்றை நாம் இழந்துவிடலாகாது.