கோவில்மலையில் கோவலன் கதை



கேரளத்துப் பிள்ளைகள் பலர் இப்போது நர்ஸ் வேலைக்கென்று ஜெர்மன் படிக்கிறார்கள். நம் உடும்பஞ்சோலைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. போகிறவர்கள் ஒருமுறை ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பௌட்சன் நகரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். தெருப் பலகைகளில் ஜெர்மனுக்குக் கீழே சோர்பிய மொழியும் இருக்கும். செக், போலிஷ் மொழிகளுக்குச் சொந்தக்கார மொழி அது. சோர்பியர் மொத்தமே அறுபதாயிரம் பேர் அளவுதான். அவர்களுடைய அமைப்பை 1937-இல் நாஜிகள் தடை செய்தார்கள். இன்று அவர்கள் மொழிக்கென்று அங்கே ஆய்வு நிறுவனமும் அருங்காட்சியகமும் நாடக அரங்கும் இருக்கின்றன.

அந்தப் பலகையின் அருமை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே புரியும். மொழிவழி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1-இல் நம் உடும்பஞ்சோலை மலை கேரளத்தோடு நின்றது. ஏலத்தோட்டத்தில் தமிழ் பேசிவிட்டு, பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளத்தில் மனு எழுதுகிறவர்கள் நாம். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. அந்த உரிமையைக் கேட்பது முழு நியாயம்.

ஆனால் நம்மைவிடச் சிறிய கூட்டத்தார் பக்கத்து மலையிலேயே இருக்கிறார்கள். மன்னான், முதுவர் பழங்குடியினர். அவர்களுடையது தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சு. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று இரு சாராருமே வழிவழியாகச் சொல்கிறார்கள். மன்னான்களுக்கு இன்றும் ராஜா உண்டு. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலைதான் அவர் இருப்பிடம். அங்கே காலாவூட்டுத் திருவிழாவில் ஆடுகிற கூத்தில் வருவது கோவலன், கண்ணகி கதை! சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் படித்துப் பெருமைப்படும் நாம், அந்தக் கதையை இன்னும் ஆடிப் பாடுகிற மக்களின் பேச்சைக் காட்டுப் பேச்சு என்று ஒதுக்கலாமா? எனக்கு மனசு பொறுக்கவில்லை.

இப்படிப்பட்ட பேச்சுகளை ஒதுக்காத ஒருவர் இருந்தார். கனடாவில் பிறந்த மொழியறிஞர் மரே எமெனோ 1935-இல் கடல் கடந்து இந்தியா வந்தார். மூன்று ஆண்டுகள் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் பேச்சையும், குடகில் குடகர் பேச்சையும் கேட்டுக் கேட்டு எழுதினார். சுள்ளி என்ற கோத்தர் பள்ளி ஆசிரியர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்ட கதைகள் 1940-களில் அச்சேறின. தோடர் பாடல்கள் 1971-இல் பெரும் நூலாக வந்தன. இடையில், 1961-இல், தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். தமிழ்ச் சொல் ஒன்றின் உறவுமுறை தெரிய வேண்டுமென்றால் அறிஞர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். ஏட்டில் ஏறாத தோடர் சொல்லும் அதில் தமிழுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

எமெனோவிடம் இருந்தது நோட்டும் பென்சிலும் பொறுமையும். இன்று நம் பிள்ளைகள் கையில் ஒலிப்பதிவு செய்யும் போன் இருக்கிறது. விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் கோவில்மலைக்குப் போய்வாருங்கள். பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர்கள் பேரப்பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பகலில் போனால் ஆளிருக்காது, வேலைக்குப் போயிருப்பார்கள். சாயங்காலம் போங்கள்.