இனிப்பில் மறைந்த ஊன்



கனடா நாட்டு ஹாலிபாக்ஸ் நகரில் பயிலும் என் பேத்தி ஓர் ஐயத்தை எழுதியிருந்தாள். அந்நாட்டின் கிழக்குக் கடலோர மாகாணங்களில், கிறிஸ்துமஸ் நாளையொட்டிக் ‘கம் டிராப் கேக்’ செய்வது வழக்கம். சர்க்கரை தூவிய பன்னிற ஜெல்லி மிட்டாய்களே கம் டிராப்கள். அவற்றை மாவில் கலந்து சுடுவர். மேலே பதித்து அழகும் செய்வர். அண்டை வீட்டு மூதாட்டி, இவளுக்காகவே முட்டை சேர்க்காமல் கேக் செய்து, ஆறியபின் மிட்டாய்களைப் பதித்து அளித்தாராம். உண்ட மறுநாள் அம்மிட்டாயின் உறையைப் படித்தால், அதில் ‘ஜெலட்டின்’ என்றிருந்தது. “அறியாமல் உண்டது பாவமா, பாட்டி? அவரிடம் சொன்னால் அவர் மனம் நோகாதா?” என்பது அவள் வினா.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி முதலியவற்றின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்திக் காய்ச்சி எடுப்பது. ஆயினும் எல்லாக் கம் டிராப்களும் அத்தகையன அல்ல. சோளமாவுப் பசையாலும், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களிலிருந்து பெறும் பெக்டினாலும் செய்வன உண்டு. ஜெலட்டின் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகிவிடும். ஆதலின் அடுப்பில் வேகும் கேக்கிற்கு மாவுப்பசை மிட்டாயே ஏற்றது. இவை கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும், அறத்திற்கு ஒன்றல்ல.

இனி, பாவமா என்னும் வினா. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், உயிருக்கு ஊறு செய்தலோடு ‘பிரமாதம்’ என்னும் விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறது. முட்டையைப் பற்றிக் கேட்டவள், மிட்டாயைப் பற்றிக் கேட்கவில்லை. அது சிறு விழிப்பின்மை. வருந்தித் திருந்தினால் தீரும். அறிந்தபின்னும் உண்பாளாயின் அவ்வாறு தீராது. அறியாமை ஒருமுறைதான் அடைக்கலம் தரும்.

மூதாட்டியிடம் மறைக்கலாமோ? மறைத்தால் அடுத்த ஆண்டும் அவர் அன்போடு அதனையே அளிப்பார். இவள் வாங்கி எறிவாள். அது வாய்மைக்கும் இழுக்கு, அவர் அன்பிற்கும் இழுக்கு. “முதலில் நன்றி கூறு. பின் உள்ளதைச் சொல். மாவுப்பசை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை வாங்கிச் சென்று, இருவரும் சேர்ந்தே செய்யுங்கள்” என்று எழுதினேன்.

நம் நாட்டில்தான் பச்சைக் குறி உண்டே என்பீர்கள். 2020ஆம் ஆண்டின் உணவு உறை விதிகள், தேனையும், மிட்டாய்க்கு மெருகூட்டும் பூச்சி அரக்கையும் அசைவத்தில் சேர்ப்பதில்லை. சட்டம் நிற்கும் இடத்திலேயே நம் அறமும் நின்றுவிடலாகாது. குழந்தையின் கையில் மிட்டாயைக் கொடுக்குமுன், அதன் உறையை ஒருமுறை படிப்போமாக.