சும்மா எடுத்த படம்

அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் எனக்கு அது மவுண்ட் ரோடுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் திறக்குமுன், காமிராவோடு அங்கு நடந்தேன். எடுக்க வேண்டிய படம் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மனசில் தயாராக இருந்தது. பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடம், செடி முளைத்த சிவப்புச் சுவர்களும் கோபுரங்களுமாக ஒரு பக்கம். எல்.ஐ.சி., விறைத்து நிற்கும் நீள்சதுரமாக மறுபக்கம். தூரத்தைச் சுருக்கும் லென்ஸ் இருந்தால் சாலையில் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டையும் தோளோடு தோள் உரச வைத்துவிடலாம். பழையது அழகு, தோற்கிறது. புதியது அவலட்சணம், ஜெயிக்கிறது. பார்க்கிறவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவான்.

இந்த முரணில் நிஜம் எவ்வளவு? மருந்து வியாபாரம் செய்த டபிள்யூ. ஈ. ஸ்மித் கம்பெனிக்காக அந்தச் சிவப்புக் கட்டிடம் எழும்பியது 1897இல். பதினாலு மாடி என்று ஊரே சொல்லிப் பழகிய எல்.ஐ.சி. திறக்கப்பட்டது 1959இல். அன்று பழையதற்கு வயது 62. எல்.ஐ.சி. அந்த வயதை 2021இலேயே எட்டிவிட்டது. 1975இல் ஒரு பெரிய தீயையும் பார்த்தாகிவிட்டது. என் படத்தில் புதியது என்று நிற்க வேண்டியது, தன் பங்குக்குக் கிழண்டு போன ஒன்று. போதாததற்கு இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு அதன் கட்டிடமும் எல்.ஐ.சி.யிடம் வந்து சேர்ந்தது. 2006இல் அதை இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் இடிப்பை நிறுத்தியது. பழமை, புதுமை என்று நான் பிரித்துவைத்தது கல்லிலும் காரையிலும் இருக்கும் குணமல்ல. நான் நின்ற இடமும் மாட்டியிருந்த லென்ஸும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

இதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. சுவரோரம் ஒரு பெரியவர், சாவிக் கொத்துகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் படத்துக்குள் வராத ஒரு கோணத்துக்காக நான் நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாகப்போகிறது என்று காட்ட வேண்டிய சுவரின் நிழலில் ஒருவர் உட்கார்ந்து பிழைப்பு நடத்துவது என் படத்துக்குத் தொந்தரவு. என்னையே கவனித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“என்னா சார், இடிக்கப் போறாங்களா?”

“இல்லீங்க. சும்மாதான் எடுக்கறேன்.”

அவர் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் நியாயம் இருந்திருக்கும். நடைபாதையில் காலம் தள்ளுகிறவர்களுக்குக் காமிராவும் அளவு நாடாவும் ஒரே ஜாதி. முதலில் படம் எடுக்கிறவன் வருவான், பின்னால் கடப்பாரை வரும்.

இது வெறும் பாமர சந்தேகம் என்றும் தள்ளிவிட முடியாது. 1860களில் பாரீஸ் நகர நிர்வாகம் ஷார்ல் மார்வில் என்ற புகைப்படக்காரரை நியமித்தது. ஓஸ்மானின் அகல வீதிகளுக்காக இடிக்கப்படவிருந்த பழைய தெருக்களைப் படமாக்கி வைப்பது அவர் வேலையில் ஒன்று. இடிக்கிற கையும் பதிவு செய்கிற கையும் ஒரே உடம்பில். படங்கள் அற்புதமானவை, மழை ஈரம் மின்னும் கல் பாவிய சந்துகள் இன்றும் நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் அவை ரசீதுகளும்கூட. பெற்றுக்கொண்டோம், இனி இடிக்கலாம்.

மார்விலை நகர நிர்வாகம் அனுப்பியது. என்னை யாரும் அனுப்பவில்லை. அதனாலேயே நான் சுத்தமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவரின் கேள்வி அதைத்தான் கலைத்தது. 1983இல் பழைய ஸ்பென்சர் கட்டிடம் எரிந்தது. அது எரியாமல் இருந்திருந்தால் அதன் படங்களை இத்தனை ஏக்கத்தோடு யார் பார்ப்பார்கள்? நான் எடுக்கவிருந்த படத்தின் கதியும் இதுவே. பாரத் இன்ஷூரன்ஸ் விழுந்தால் அது ஆவணம், கடைசி சாட்சி. யாரோ செப்பனிட்டு, சாயம் பூசி, உள்ளே ஆட்கள் நடமாட ஆரம்பித்துவிட்டால் அது பழைய அழுக்கின் படம், அவ்வளவுதான். கட்டிடம் பிழைத்தால் என் படம் செத்துப்போகும். அந்தக் காலை வெளிச்சத்தில் நான் எதன் பக்கம் நின்றேன்? நேராகப் பதில் சொன்னால், படத்தின் பக்கம். இடிக்கிறவனுக்கு நிலத்தில் லாபம். அந்த இடிபாட்டில் எனக்கும் ஒரு பங்கு காத்திருந்தது. என் துக்கம் பொய்யில்லை. ஆனால் அது முன்கூட்டியே வாங்கி வைத்த துக்கம். வீணாகாமலிருக்க ஒரு சாவு அதற்கு வேண்டியிருந்தது.

அதற்காக யாரும் படம் எடுக்கக்கூடாது என்று சொல்லவரவில்லை. இடிப்புக்கு எதிராக வாதாடுகிறவனுக்கும் படம் தேவை. எடுக்கிறவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தன் படம் பொய்யாகிப் போவதை, அது காட்டும் சிதைவு நீங்கிவிடுவதை, அவனால் விரும்ப முடியுமா? விரும்ப முடிந்தவன்தான் கட்டிடத்தைப் பார்க்கிறான். முடியாதவன் பார்ப்பது தன் படத்தை.

அன்று நான் படம் எடுத்தேன், பெரியவரை விலக்கித்தான். மினார்களும் நீள்சதுரமும் கச்சிதமாக விழுந்திருக்கின்றன. சாவி மேஜை இருந்த ஓரத்தில் சட்டம் முடிகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. இடிக்கப் போகிறார்களா என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் படம், ஆமாம் என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.