அலுவலகமும் ஆரோக்கியமும்

2022 ஏப்ரலில், உலக சுகாதார நாளையொட்டி, பெங்களூரில் இயங்கும் பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதாவில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் கணக்கிடப்படும் பி.எம்.ஐ. என்னும் குறியீட்டெண் 25-க்குக் கீழே உள்ள ஊழியர்களுக்கு அரை மாதச் சம்பளம் ஊக்கத்தொகை. அப்போது ஊழியர்கள் அனைவரின் சராசரி 25.3. ஆகஸ்டு மாதத்துக்குள் அந்தச் சராசரி 24-க்குக் கீழே இறங்கிவிட்டால், எல்லோருக்கும் மேலும் அரை மாதச் சம்பளம்.

அறிவித்தவர் நிறுவனரும் தலைமைச் செயல் அதிகாரியுமான நிதின் காமத். பாராட்டியவர்கள் பலர், கண்டித்தவர்களும் குறைவில்லை. பி.எம்.ஐ. எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. தைராய்டு நோயாளியும் அண்மையில் பிள்ளை பெற்ற தாயும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். ஆரோக்கியத்தை அளக்க இது சிறந்த அளவுகோல் அன்று, தொடங்குவதற்கு எளிதான அளவுகோல் என்று காமத்தே ஒப்புக்கொண்டிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அளவுகோல் மாறியது. எடையை விட்டு இயக்கத்துக்கு வந்தார்கள். நாளொன்றுக்கு 350 கலோரியாவது உடலுழைப்பால் செலவழிப்பது போன்ற ஓர் இலக்கை ஊழியர் வைத்துக்கொண்டு, ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு நாட்கள் அதை எட்டினால் ஊக்கத்தொகை. குலுக்கலில் தேர்வாகும் ஒருவருக்குப் பத்து லட்சம் ரூபாய்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஊழியர் உடல்நலத்தைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லாத முதலாளிகள் நிறைந்த உலகில் இது மேலானது. ஆயினும் ஒரு நிறுவனம் தன் ஊழியர்களை ஆரோக்கியமானவர்களாக ஆக்க முடியுமா? முடியும் என்றால், எந்த வழியில் செய்வது அறம்?

பெங்களூருக்கு இக்கேள்வி புதிதும் அன்று. 1940-இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948-இல் வந்த தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் வந்த எச்.எம்.டி., 1954-இல் வந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில் வீடு, பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம் எல்லாம் இருந்தன. ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்தது. வீடு அருகிலேயே இருந்தது. அக்காலத்தில் யாரும் அதை 'வெல்னஸ் திட்டம்' என்று அழைக்கவில்லை. அழைக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த ஆலைகளில் வேறு குறைகள் ஆயிரம் இருந்திருக்கலாம். மாலை என்ற ஒன்று தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்தது.

இன்றைய மென்பொருள் வளாகத்தில் உடற்பயிற்சிக்கூடம் உண்டு, யோகா வகுப்பு உண்டு, உணவியல் ஆலோசகர் உண்டு. மாலை இல்லை. அமெரிக்காவில் காலை புலரும்போது இங்கே இரவுக் கூட்டம் தொடங்குகிறது. போக்குவரத்தை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பெங்களூரின் நடுப்பகுதியில் பத்துக் கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி பிடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்து காரின் இருக்கைக்கு, காரிலிருந்து மீண்டும் நாற்காலிக்கு என்று நாள் கழிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவோடும், மேலும் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலிலும் நிற்கிறார்கள் என்று மதிப்பிட்டது. ஆகவே நிறுவனங்கள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு.

இத்தகைய திட்டங்கள் பயன் தருகின்றனவா என்பதை மேலைநாடுகளில் பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நலத்திட்டத்தை வழங்கினார்கள். மருத்துவச் செலவிலும் பழக்கவழக்கத்திலும் குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதும் தென்படவில்லை. பி.ஜே.ஸ் என்ற கடைத்தொடரின் முப்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களிடையே நடந்து 2019-இல் வெளியான ஆய்விலும் அப்படியே. 'முன்னைவிட அதிகமாக உடற்பயிற்சி செய்கிறோம்' என்று ஊழியர்கள் சொன்னார்கள். இரத்த அழுத்தமும் எடையும் கொழுப்பும் மாறவில்லை. பிரிட்டனில் 46,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் கருத்துக்களை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வில்லியம் பிளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரையும், மனநலச் செயலி, மனவுறுதிப் பயிற்சி முதலியவற்றில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நலமாக இல்லை என்றே காட்டியது.

இல்லினாய் ஆய்வில் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள்! நடக்கிறவன் நடப்பதற்குப் பரிசு பெறுகிறான். நடக்க நேரமோ உடல்வலுவோ இல்லாதவன் பரிசளிப்பு விழாவில் கைதட்டுகிறான். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாக்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஏன் இப்படி? லண்டனில் 1967-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இதற்கு ஒளி தருகிறது. வைட்ஹால் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் அரசு ஊழியர்கள். யாரும் பட்டினியில் இல்லை. ஆயினும் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உயர்நிலையில் இருந்தவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவை இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் சர் மைக்கேல் மார்மட் குழுவினர் மேலும் நுணுகிப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் எவனுக்கு உரிமை குறைவோ அவனுக்கு இதயநோய் மிகுதி. உணவும் உடற்பயிற்சியும் முக்கியமல்ல என்பது இதன் பொருளன்று. ஆனால் வேலையின் அமைப்பே உடலுக்குள் புகுந்துவிடுகிறது. வேலையின் அளவும் அப்படித்தான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து நூற்றுக்கு 35 அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்தன.

இனி அறத்தின் பக்கம் வருவோம். ஒருவன் தன் உடலைப் பேணுவது தனக்குத் தானே செய்துகொள்ளும் கடமை. அதற்குக் கூலி கொடுத்தால் என்ன நிகழ்கிறது? காலையில் எழுந்து நடப்பவனின் கவனம் மூச்சிலிருந்தும் மரங்களிலிருந்தும் விலகி, மணிக்கட்டில் கட்டிய கருவியின் எண்ணுக்குப் போகிறது. ஆண்டு முடிந்து ஊக்கத்தொகை நின்றதும் நடை நின்றுவிடுகிறதென்றால், அந்த ஓராண்டு நடை அவனுடையது அன்று. அது நிறுவனத்தின் கணக்கில் நடந்த நடை. ஆயினும் இதைப் பெரிய குற்றமாகச் சொல்லிவிடவும் முடியாது. மிட்டாய்க்காகப் பாடம் படித்த குழந்தை பின்னர்ப் பாடத்துக்காகவே படிப்பதுண்டு. வெளியே இருந்து வந்த தூண்டுதல் உள்ளே வேர் பிடிப்பதும் உண்டு.

சராசரியை வைத்துக் கொடுக்கும் பரிசுதான் உண்மையில் உறுத்துகிறது. எல்லோரின் சராசரியும் இறங்கினால் எல்லோருக்கும் அரை மாதச் சம்பளம் என்று சொல்லிவிட்டால், பருத்த உடலோடு இருக்கும் ஒருவரின் எடை அன்றுமுதல் அவருடைய அந்தரங்கம் ஆகாது. அது பக்கத்து மேசைக்காரரின் வருமானத்தைத் தொடும் பொருளாகிவிடுகிறது. மதிய உணவில் அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதை நான்கு கண்கள் பார்க்கும். யாரும் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே அவருக்குத் தெரியும். ஒற்றுமையை வளர்க்கவேண்டும் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு ஒருவரை வெட்கத்தில் நிறுத்தக்கூடும். உடல் பருமனுக்குப் பரம்பரை, மருந்து, மனத்துயர், உறக்கமின்மை என்று எத்தனையோ காரணங்கள். அவற்றையெல்லாம் ஒரு சராசரிக்குள் அடைப்பது, மனிதனை எண்ணாக ஆக்குவதுதான்.

அப்படியானால் அலுவலகம் உடல்நலத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். நம் நாட்டு அனுபவம் முற்றிலும் நம்பிக்கை இழக்கச் செய்வதன்று. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை நூற்றுக்கு 28 அளவுக்குக் குறைத்தன. மருந்து கொடுத்த பிரிவிலும் ஏறத்தாழ அதே பயன்தான். ஒவ்வொருவரிடமும் நேரில் பேசி, மீண்டும் மீண்டும் நினைவூட்டி, கூடவே நின்றதன் பலன் அது. இந்தியத் தொழிற்சாலைகள் சிலவற்றில் டாக்டர் பிரபாகரன் உள்ளிட்ட மருத்துவர்கள் சில ஆண்டுகள் நடத்தி 2009-இல் வெளியிட்ட முயற்சியிலும் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை குறைந்தன. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆலையில் குறையவில்லை. அங்கே நோய் ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தனி ஆலோசனை கொடுத்ததோடு நிற்காமல், ஆலையின் பொதுச் சூழலையும் மாற்றப் பார்த்தார்கள். ஊழியரை மட்டும் திருத்த முயன்ற திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகிக்குரிய வாழ்வைக் கூறும் இடத்தில் உணவு, உலாவுதல், செயல், உறக்கம், விழிப்பு என்னும் ஐந்துக்கும் அளவு வேண்டும் என்கிறது. நிறுவனங்களின் நலத்திட்டங்கள் இவற்றுள் நான்கை ஆர்வத்தோடு எடுத்துக்கொள்கின்றன. உணவுக்கு ஆலோசகர், உலாவுதலுக்குக் கருவி, உறக்கத்துக்குச் செயலி, விழிப்புக்குத் தியான வகுப்பு. நடுவில் இருக்கும் செயலை மட்டும் தொடுவதில்லை. வேலைக்கும் ஓர் அளவு உண்டு என்பதை ஊழியர் தாமாக நிறைவேற்ற முடியாது. அதை நிறுவனம்தான் செய்யவேண்டும். பெங்களூருக்கு அருகே ஜிகணியில் உள்ள விவேகானந்த யோகப் பல்கலைக்கழகம் மிகையான மன இறுக்கத்தைத் தாமே கையாளும் பயிற்சியை நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. மத்திய ஆயுஷ் அமைச்சகமும் அலுவலக நாற்காலியிலிருந்தே செய்யத்தக்க ஐந்து நிமிட யோக இடைவேளையை உருவாக்கி, 2021-இல் அதற்கொரு செயலியை வெளியிட்டது. இரண்டும் நல்லவை. களைத்தவனை மேலும் நான்கு மணி நேரம் உழைக்கவைக்கும் எண்ணெயாக அவற்றைப் பயன்படுத்தினால் குற்றம் யோகத்தினுடையது ஆகாது.

நேரத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் தொழிலாளர்களே. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் விடியற்காலை முதல் மாலை வரை உழைத்தவர்களுக்கு நண்பகலில் கிடைத்தது அரை மணி நேர இடைவேளை. கை கழுவி, உட்கார்ந்து, உண்டு, கதவு மூடுமுன் உள்ளே ஓடவேண்டும். 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, அந்த இடைவேளையை நீட்டவேண்டும் என்பது. நிதானமாக உண்பதற்குச் சில நிமிடங்கள்! உடல்நலத் திட்டம் என்றால் அதுவன்றோ திட்டம்.

இதை ஜெரோதாவும் அறியாமல் இல்லை. பி.எம்.ஐ. அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 2022 ஜனவரியில், மாலை ஆறு மணிக்குப் பின்னும் விடுமுறை நாட்களிலும் அலுவலகச் செய்திப் பரிமாற்றம் கூடாது என்று அங்கே ஒரு விதி வந்தது. அதற்கு ஊக்கத்தொகையும் இல்லை, குலுக்கலும் இல்லை. யாருடைய எடையையும் அது கேட்கவில்லை. நாட்டின் பேச்சு முழுதும் அரை மாதச் சம்பளத்தைச் சுற்றியே இருந்தது. அந்த விதியை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

2024 பிப்ரவரியில் காமத் வேறொரு செய்தியைத் தெரிவித்தார். ஆறு வாரங்களுக்கு முன்பு தமக்கு லேசான பக்கவாதம் ஏற்பட்டதாகச் சொன்னார். தந்தையின் மறைவு, போதாத உறக்கம், களைப்பு, உடலில் நீர் குறைந்தது, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி இவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். உடலைப் பேணுவதையே ஊருக்கு எடுத்துச் சொன்ன மனிதருக்கு, எப்போது வேகத்தைக் குறைப்பது என்று அறியவேண்டும் என மருத்துவர் கூறினாராம். அதை மறைக்காமல் வெளியிட்டது அவருடைய நேர்மை.

அதே ஆண்டு ஜூலையில் பெங்களூரில் வேறொரு விவாதம் எழுந்தது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் வேலை நாளைப் பதினான்கு மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் முன்மொழிவு அது. ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அப்படியொரு நாளில், போக வர இரண்டு மணி நேரம் என்றே கொண்டாலும், ஒருவர் கையில் எஞ்சுவது எட்டு மணி. உறக்கம், குளியல், உணவு, பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் அந்த எட்டுக்குள்தான். 350 கலோரியும் அதற்குள்தான்.